பிரேக் பிடிப்பவரின் இருக்கை

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டிவோலிப் பூங்கா 1843 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. அரசர் எட்டாம் கிறிஸ்டியானிடம் அனுமதி பெற்று, நகரக் கோட்டை அரணை ஒட்டிய நிலத்தில் அதை அமைத்தவர் கியார்க் கார்ஸ்டென்சன். இன்று வண்ண விளக்குகள் மிதக்கும் அதன் ஏரி, அன்றைய அகழியின் எச்சமே. டிவோலி என்றைக்கும் கட்டி முடிக்கப்படாது என்று கார்ஸ்டென்சன் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. வணிகரின் வாய்ச்சாலகமாகத் தோன்றும் அக்கூற்று, கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றுச் சிக்கலையே சொல்லிவிடுகிறது.

முதுமை ஒரு கோயிலுக்கு மதிப்பைக் கூட்டுகிறது. கேளிக்கைப் பூங்காவுக்கோ அது ஆபத்து. அங்கே வரும் பாட்டனார் தாம் சிறுவயதில் ஏறிய அதே வண்டியைத் தேடுகிறார். அவர் விரலைப் பிடித்து வரும் பேரனுக்கு, சென்ற ஆண்டு இல்லாத ஒன்று வேண்டும். இருவரும் ஒரே வாயிலில்தான் சீட்டு வாங்குகிறார்கள்.

1914இல் டிவோலியில் மலை வடிவில் அமைக்கப்பட்ட மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. பிற்காலத்து ரோலர் கோஸ்டர்களில் பிரேக்குகள் தண்டவாளத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை இயந்திரமே இயக்கும். இந்தப் பழைய வண்டியிலோ பயணிகளுடன் ஒரு பணியாளரும் அமர்ந்து, இறக்கங்களில் கையால் பிரேக் பிடித்து வேகத்தை அடக்குகிறார். மரத்தாலான பாதையில் பலகைகளைக் காலந்தோறும் மாற்றாமல் தீராது. ஆகவே இங்கே தொடர்ந்து வருவது மரமன்று. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும் பழக்கம். 1874இல் வில்ஹெல்ம் டாலரப் வடிவமைத்த ஊமைக்கூத்து அரங்கின் கதையும் இதுவே. மயில் தோகையாக விரியும் திரைக்குப் பின்னே ஹார்லெக்வினும் பியெரோவும் இன்றும் வருகிறார்கள். வேடம் பழையது, ஆடும் உடல்கள் புதியவை.

அதே பூங்காவில், 2004இல், பயணியைத் தலைகீழாகப் புரட்டும் எஃகு ரோலர் கோஸ்டர் ஒன்றும் வந்து சேர்ந்தது. பழையதை இடித்துத்தான் புதியது வரவேண்டும் என்பதில்லை. இடித்தபின்னும் பூங்கா பிழைக்கக்கூடும் என்பதற்கும் டிவோலியே சான்று. 1944 ஜூனில் நாஜிகளுக்குத் துணைநின்ற டேனியர்கள் அங்கே குண்டு வைத்தனர். இசையரங்கம் எரிந்தழிந்தது. சில வாரங்களில் தற்காலிகக் கொட்டகைகளோடு பூங்கா மீண்டும் திறந்தது. 1956இல் எழுந்த புதிய இசையரங்கம் எரிந்ததன் நகலாகக் கட்டப்படவில்லை. தன் காலத்துக் கட்டடமாகவே எழுந்தது.

1951இல் டிவோலியைப் பார்த்துச் சென்றவர்களுள் வால்ட் டிஸ்னியும் ஒருவர். 1955இல் கலிபோர்னியாவில் அவர் திறந்த டிஸ்னிலேண்டும் இன்று முதுமையெய்திவிட்டது. அங்கே சிக்கல் வேறு முகம் கொண்டது. 1967இல் தொடங்கிய கடற்கொள்ளையர் படகுப் பயணத்தில், பெண்களை மணப்பெண்களாக ஏலம் விடும் காட்சி ஒன்று இருந்தது. 2018இல் அது மாற்றப்பட்டது. ஏலத்துக்கு நின்ற பெண் பொம்மை கொள்ளைக்காரியாயிற்று. இளமை நினைவைச் சிதைத்துவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் பலர் வருந்தினர். அவ்வருத்தம் பொய்யானதன்று. எனினும் அந்தப் படகில் சிறுமிகளும் அமர்ந்திருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கும் அது இளமை நினைவுதான்.

பழம்பொருளைப் பேணுவோர் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. பழையது என்பதாலேயே ஒன்று காக்கத்தக்கதாகிவிடாது. புதியது என்பதாலேயே முன்னேற்றமும் ஆகிவிடாது. எதை அடுத்த தலைமுறைக்கு மனமுவந்து கற்றுக்கொடுக்க இயலுமோ, அதுவே மரபாக நிற்கிறது. பிரேக் பிடிக்கும் கலையைக் கற்றுக்கொடுக்கலாம். ஏலக் காட்சியை எந்தப் பாட்டி தன் பேத்திக்கு விளக்கிச் சொல்வாள்?

டிவோலியின் மர வண்டியில் அந்த ஓர் இருக்கையை நீக்கிவிட்டு, தானியங்கி பிரேக்கைப் பொருத்துவது செலவைக் குறைக்கக்கூடும். பாதை அப்படியே இருக்கும். மலையும் அப்படியே இருக்கும். ஆனால் அன்றைக்கு 1914 முடிந்துபோகும்.