பழைய ஃபிலிம் கேமராவில் ஷட்டர் ஒட்டுதல்

ஷட்டர் ஒட்டுதல் என்பது, பொத்தானை அழுத்தியும் கேமராவின் ஷட்டர் திறக்காமலோ, திறந்தபின் மூடாமலோ, குறித்த வேகத்தைவிட மெதுவாகவோ இயங்கும் கோளாறு. பல ஆண்டுகள் பீரோவிலோ ட்ரங்குப் பெட்டியிலோ கிடந்த கேமராக்களில் இது சர்வசாதாரணம். காலப்போக்கில் பிசினாகிப்போன எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். எண்ணெய் வற்றிவிட்டதென்று நினைத்துப் புதிதாக விடுவது கோளாறை முற்றச் செய்யும்.

கேமராவுக்கு ஷட்டரே தேவைப்படாத காலமும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலை ஒளிப்படக்கலைஞர் லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்கள் 1858இல் தொகுதியாக வெளிவந்தன. விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைக் காட்டும் அவரது நீள்படம், 21 அச்சுகளை ஒட்டிச் செய்தது. நீளம் 19 அடிக்கும் மேல். அந்த வேலைக்கு ஷட்டர் தேவைப்படவில்லை. காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நெடுநேரம் வேண்டும் என்பதால், லென்ஸ் மூடியைக் கழற்றிக் காத்திருந்து மீண்டும் மூடினால் போதும். ஃபிலிமின் உணர்திறன் கூடக் கூடத்தான் நொடியின் சிறு பகுதியை அளந்து தரும் பொறி அவசியமாயிற்று. மியூனிக்கின் ஃபிரீட்ரிக் டெக்கெல் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த கம்ப்யூர் ஷட்டர், கடிகாரத்தில் உள்ளதுபோன்ற பற்சக்கர வரிசையால் மெதுவான வேகங்களை அளந்தது. ரோலிஃபிளெக்ஸில் கம்ப்யூரும், பிற்காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்களில் நிறைய புழங்கிய யாஷிகா மேட்டில் ஜப்பானியக் கோபால் ஷட்டரும் இருந்தன.

இவை இதழ் ஷட்டர்கள். முடியளவே தடிமனுள்ள எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து லென்ஸை மறைக்கும். அவை எண்ணெயே இல்லாமல் உலர்ந்து இயங்க வேண்டியவை. மெல்லிய எண்ணெய்ப்படலம் ஏறினாலே இதழோடு இதழ் பற்றிக்கொள்ளும். அவற்றை இழுக்கும் ஸ்பிரிங்குக்கு அந்தப் பிடியை விடுவிக்கும் பலம் கிடையாது.

காவிரிப் படுகையின் பருவங்கள் இக்கோளாறுக்குத் தோதானவை. கத்திரி வெயிலில் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் இளகி, அதிலிருந்து பிரியும் எண்ணெய் இதழ்கள் வரை கசிகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரம் ஸ்பிரிங்கில் துருவையும் லென்ஸில் பூஞ்சையையும் வளர்க்கிறது. நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று துருவைத் துரிதப்படுத்தும். சம்பா அறுவடைக் காலத்துத் தூசும் சுணையும் எண்ணெயில் படிந்தால் பசையாகிவிடும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது தோல் உறை. அழகுக்காகக் கேமராவை அதிலேயே வைத்திருப்பார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

கோளாறு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை விட்டுப் பார்ப்பது வழக்கம். 1/125 சரியாக அடித்து, 1 நொடியில் மட்டும் ‘ர்ர்ர்’ என்ற ஓட்டம் நடுவில் நின்றுவிட்டால் பற்சக்கர வரிசை அழுக்கேறியிருக்கிறது. எல்லா வேகத்திலும் இதழ்கள் தயங்கினால், அல்லது சாய்த்துப் பார்க்கையில் அவற்றில் ஈரப் பளபளப்பு தெரிந்தால், எண்ணெய் இதழ்களில்தான். ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் இந்தச் சோதனை மிக முக்கியம். படமெடுப்பவர் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக. கீழே ஷட்டர் திறக்கவே இல்லையென்றாலும் ரோலை டெவலப் செய்யும்வரை தெரியாது. நண்பகலில் 1/125இல் வைத்த ஷட்டர் உண்மையில் 1/30இல் மூடினால் வெளிச்சம் நான்கு மடங்கு விழும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதை ஓரளவு தாங்கும். கலர் ஸ்லைடு வெளுத்துப்போகும்.

சோதிக்கும்போது தானியங்கி நேர நெம்புகோலைத் தொடாமலிருப்பது நல்லது. பழைய ஷட்டர்களில் அது பாதியில் நின்று மொத்தப் பொறியையும் முடக்கிவிடும். பழைய கம்ப்யூரில் உச்ச வேகத்துக்குத் தனி ஸ்பிரிங் உண்டு என்பதால், ஷட்டரை ஏற்றிய பிறகு அந்த வேகத்துக்கு மாற்றக் கூடாது.

சுத்தம் செய்ய முன்பக்க லென்ஸ் தொகுதியைக் கழற்ற வேண்டும். முன் லென்ஸைச் சுழற்றி ஃபோகஸ் செய்யும் கேமராவானால், கழற்றுமுன் தொலைதூரப் புள்ளியில் வைத்து அதன் நிலையைக் கீறிக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காவிட்டால் பிறகு எந்தப் படமும் கூர்மையாக வராது. இதழ்களை மட்டும் துடைப்பதற்கு, வேகத்தை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்துத் திறந்தும் மூடியும், நாஃப்தா வகை லைட்டர் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் சிறிதளவு தொட்டு இருபுறமும் துடைக்கிறார்கள். ஒரு முறை போதாது. முதலில் சரியாகி, காய்ந்ததும் மறுபடி ஒட்டும். மூலை முடுக்குகளில் கரைந்த எண்ணெய் திரும்பவும் இதழ்மேல் பரவுவதே காரணம். பஞ்சு கறை இல்லாமல் வரும்வரை தொடர வேண்டும். திரவத்தைக் கொட்டி நனைப்பது பலரும் செய்யும் குறுக்குவழி. அழுக்கு இடம் மாறுமே தவிர வெளியே போகாது. இந்தத் திரவம் சட்டெனத் தீப்பற்றும். அடுப்போ விளக்கோ எரியாத, காற்றோட்டமான இடத்தில்தான் இந்த வேலை நடக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் காய்ந்த பின்னும் பிசுக்கை விட்டுச் செல்லும். தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கேமராவின் அருகிலேயே வரக் கூடாதவை. பற்சக்கர அச்சுகளுக்கு மட்டும், முழுதும் சுத்தமான பின், கடிகாரம் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைக்கலாம்.

பென்டாக்ஸ், ஜெனிட் போன்ற கேமராக்களில் ஃபிலிமுக்கு முன்னே ஓடும் துணித்திரை ஷட்டர் இருக்கிறது. ரப்பர் பூசிய துணி என்பதால் அதன்மேல் கரைப்பான் படக் கூடாது. சுத்தம் செய்ய வேண்டியவை திரை உருளைகளின் அச்சுகளும் பற்சக்கரங்களும். மெதுவாக ஓடும் திரையைச் சரிக்கட்ட ஸ்பிரிங்கை இறுக்குவது கண்துடைப்பு. அழுக்கு அப்படியே இருக்க, ஸ்பிரிங் தேயும், இரு திரைகளின் இசைவு கெட்டு 1/1000இல் படத்தின் ஒரு ஓரம் இருண்டுவிடும். உலோகத் திரையுள்ள கேமராக்களில் கண்ணாடியருகே உள்ள நுரைப்பட்டை உளுத்துத் தாராக உதிர்ந்து தகடுகளில் ஒட்டுவதுண்டு. நுரையை மாற்றாமல் ஷட்டரைத் துடைத்துப் பயனில்லை.

இந்திய வீடுகளில் பரவலாக இருந்த அக்ஃபா கிளிக் III-இன் ஷட்டர் மிக எளியது; துருவையும் தூசையும் நீக்கினாலே பெரும்பாலும் ஓடத் தொடங்கும்.

பழுது நீங்கிய கேமராவை ஓரிரு வாரம் விட்டுவைத்து மறுபடி சோதித்த பிறகே அதில் ஃபிலிம் போட வேண்டும். பின்னர், ஷட்டரை ஏற்றாத நிலையில், தோல் உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கலாம். மழை மாதங்களில் சிலிக்கா ஜெல்லில் விரைவில் ஈரம் ஏறிவிடும். அதைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இட வேண்டும். மாதம் ஒரு முறை எல்லா வேகங்களிலும் ஷட்டரைச் சில தடவை இயக்கி வைத்தால் இதழ்கள் ஒன்றையொன்று பற்றுவதற்கு நேரம் கிடைக்காது.