நாணயத் தாளில் மலைநாட்டுப் பறவை

2011ஆம் ஆண்டு வெளிவந்த இலங்கையின் ஐயாயிரம் ரூபாய் நாணயத் தாளிலே கெனியன் அணைக்கட்டு வரையப்பட்டிருக்கிறது. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1983ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற அணை அது. அத்தாளிலேயே ஒரு சிறு பறவையும் இடம்பெற்றுள்ளது. அதுவே மஞ்சட் காதுக் கொண்டைக்குருவி. இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் காணப்பெறாத இப்பறவைக்கு மலைக்காடே தாயகம்.

நாணயத்தில் விலங்கைப் பொறிப்பது இந்நாட்டிற்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் அடித்த செப்புக் காசுகளிலும், 1821ஆம் ஆண்டின் வெள்ளி இறைசாலிலும் யானை நின்றது. அதே ஆட்சிதான் யானையைச் சுடுவோர்க்கு வெகுமதியும் வழங்கிற்று! 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் எனச் சொல்லப்படுகிறது. காடு அழிந்து கோப்பியும், பின்னர்த் தேயிலையும் படர்ந்த மலைச்சரிவுகளிலே யானை மறைந்தது. காசில் மட்டும் அது கம்பீரமாக நடந்தது.

சுதந்திரத்திற்குப் பின் வந்த தாள்களிலே தலைவர்களின் உருவங்களே பெரிதும் விளங்கின. அந்த மரபை மாற்றியவர் ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனாநாயக்க (1937–2021). அவர் வடிவமைத்த 1979ஆம் ஆண்டின் தாள்களில் மனித முகம் எதுவும் இல்லை. மீனும் பல்லியும் வண்ணத்துப்பூச்சியும் பறவையுமே அவற்றை நிறைத்தன. பின்புறச் சித்திரமோ நெடுக்காக நின்றது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவுடன் பல்லாண்டு பணிபுரிந்த இவரது பெரும் ஆந்தைச் சிற்பம் இன்றும் கண்டலமை விடுதியின் படிக்கட்டின் மேலே சிறகு விரித்து நிற்கிறது. பேரரசர்க்கும் தலைவர்க்கும் உரியதென்று கருதப்பட்ட இடத்தை ஓர் ஓணானுக்கு அளிக்கத் துணிந்தது சிறிய செயலன்று.

2011ஆம் ஆண்டின் வரிசை அவ்வழியைப் பாதியளவே பின்பற்றியது. பறவையோடு துறைமுகமும் பாலமும் அணையும் சேர்ந்தன. முன்னேற்றமே முதலிடம் பெற்றது. ஆயினும் இருபது ரூபாய்த் தாளின் ஆந்தையை மறத்தலாகாது. 2001ஆம் ஆண்டிலேதான் அது முதன்முதலாகக் கண்ணாற் காணப்பெற்றது. 2004ஆம் ஆண்டிலே புதிய இனமென அறிவியல் உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. அறிஞர் கண்டு ஏறக்குறையப் பத்தாண்டிலே சந்தைக்காரர் கைக்கும் அது வந்துவிட்டது.

மஸ்கெலியாவின் கதை இத்துணை இனிதன்று. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் எழுந்தபோது பழைய நகரம் நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலின் கற்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. அயலிலுள்ள நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், 2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. அரிதினும் அரிதான அவ்விலங்கை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றனர். மூன்றாம் நாள் அது இறந்தது. பன்றிக்கும் மானுக்கும் வைக்கப்படும் சுருக்கு சிறுத்தையை வேறுபிரித்து அறிவதில்லை. தேயிலைச் செடிகளினூடே விடியலில் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள் நடக்கும் அதே தடத்திலேதான், இரவில் சிறுத்தையும் நடக்கிறது.