நாட்பட்ட இரைப்பு மிகுவதை அறிந்த வரலாறு

இன்று மாடிவீடுகளும் கடைவரிசைகளும் மலிந்த பங்சார், முன்னாளில் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. புங்கே, கிரிசார் என்னும் இருவர் பெயர்கள் இணைந்தே ஊர்ப்பெயர் ஆயிற்று என்பர். 1920களில் அங்கு எழுந்த மின்னாக்க நிலையம் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியை எரித்தது. தோட்டத்து வாழ்விலோ லயத்து அடுப்பின் விறகுப்புகை, இரப்பர் சீட்டு உலர்த்தும் கூடத்துப் புகை, ஆடவர் பலரிடம் சுருட்டும் பீடியும். புகையிடையே முதுமை எய்தியவர் ஓயாது இருமினால், நம்மவர் "இழுப்பு" என்ற ஒரே சொல்லில் அடக்கி, மூப்பின் இயல்பென்று தள்ளிவிடுவர். சொற்பஞ்சம் இதற்குக் காரணமன்று. மூச்சு வாங்குவதற்கு இரைப்பு என்றும், மார்பிலிருந்து வருவதற்குக் கோழை என்றும் தமிழில் தனித்தனிப் பெயருண்டு. இவற்றைத் தனித்தனியே கவனிக்க வேண்டுமென்பதை மருத்துவ உலகமே காலந்தாழ்ந்துதான் கற்றது.

பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டார். இறந்தோர் உடலை ஆராய்ந்து, சிலருடைய நுரையீரல் காற்றை விடாது உப்பியே நிற்பதையும் எழுதிவைத்தார். 1846இல் ஹச்சின்சன் என்பார் இலண்டனில் 2,000க்கும் மேற்பட்டோரின் மூச்சைக் கருவிகொண்டு அளந்தார். எனினும் நோயாளி நேற்றினும் இன்று தாழ்ந்துள்ளாரா என்பதை நாள்தோறும் அறிய இவை உதவவில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைக் கரிப்புகை கலந்த மூடுபனி சூழ்ந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்பது அக்காலக் கணக்கு; பின்வந்த ஆய்வாளர் இன்னும் மிகுதியாக மதிப்பிட்டனர். இதன்பின் பேட்ரிக் லாதர் என்னும் மருத்துவர் எளிய முறையொன்றைக் கையாண்டார். நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உடையோரிடம் சிறு நாட்குறிப்பைக் கொடுத்து, இன்று நலமா, அப்படியேயா, மோசமா என்று நாள்தோறும் குறிக்கச் செய்தார். காற்றில் புகையும் கந்தக வாயுவும் ஏறிய நாள்களில் "மோசம்" என்ற குறிப்பும் ஏறிற்று. காற்றுத் தூய்மைச் சட்டம் 1956இல் வந்து, புகை குறையக் குறைய அவ்வேற்றமும் மங்கியது. கல்லாதவரும் இக்குறிப்பை எழுதலாம். ஒரு கோடு போதும். மாணவனின் வளர்ச்சியை அவனுடைய சென்ற மாதத்து ஏட்டோடு ஒப்பிட்டன்றோ ஆசிரியர் அறிகிறார்? அடுத்த பையனோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்? நோயாளிக்கும் அவருடைய வழக்கமான நாளே அளவுகோல்.

1987இல் கானடாவின் வின்னிப்பெக் நகரில் அந்தோனிசன் குழுவினர் 173 நோயாளிகளை ஆராய்ந்து மூன்று குறிகளைத் தொகுத்தனர்: இரைப்பு மிகுதல், கோழையின் அளவு மிகுதல், கோழை சீழ்போல் நிறம் மாறுதல். மூன்றும் சேர்ந்தவர்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தெளிவாகப் பயன்பட்டது; ஒன்று மட்டும் கண்டவர்க்கு அத்துணைப் பயனில்லை. கோழையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் பாட்டிமாரை நகைப்பவர் இதைச் சிந்திக்க வேண்டும். 2021இல் அறிஞர் குழுவொன்று, இரைப்போ இருமலோடு கோழையோ 14 நாளுக்குள் மிகுந்தால் அது நோயின் ஏற்றம் என வரையறுத்தது.

நம் பக்கத்திலும் இலண்டனை நினைவூட்டும் நாள்கள் வந்தன. சுமத்திராத் தீயின் புகைமூட்டம் படர்ந்து, 2005 ஆகஸ்டு 11 அன்று போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடக்க, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. குறியீடு ஊருக்குப் பொது. தாத்தா குளியலறைக்கு நடக்கையில் புதிதாக இடையில் நிற்கிறாரா, ஒரு தலையணையில் உறங்கியவர் இரண்டு கேட்கிறாரா, உறிஞ்சு மருந்தை முன்னினும் அடிக்கடி எடுக்கிறாரா என்பது வீட்டார் கண்ணுக்கே தெரியும். இவை தோன்றிய அன்றோ மறுநாளோ மருத்துவரைக் காணலாம். ஆனால் உதடு நீலம் பாய்ந்தாலும், ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதாவிட்டாலும், பேச்சுத் தடுமாறி அளவுக்கு மீறித் தூங்கினாலும் நாட்குறிப்பை எடுக்க நேரமில்லை. அத்தூக்கம் களைப்பாக இராமல், உடலில் கரியமில வாயு தேங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.