ஒரு மேசையில் இரண்டு கணினிகள்: பழைய ஆவணங்களைக் காப்பாற்ற உதவும் கே.வி.எம். சுவிட்ச்

பொகவந்தலாவை போன்ற தோட்ட நகரங்களில் தொடர்பாடல் நிலையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பையோடுதான் வருவார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, தோட்டத்தில் கொடுத்த கடிதம், பிரஜாவுரிமைப் பத்திரம் என்று குடும்பத்தின் மொத்தக் கதையும் அந்தப் பைக்குள் இருக்கும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, எஞ்சியவர்கள் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த சமூகம் இது. ஒரு கடதாசி தொலைந்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வன்னியில் உள்ள வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறிய பல குடும்பங்கள், 2009 இல் கையிலிருந்த ஆவணங்களையும் இழந்தன. அவர்களின் பெற்றோர் பிறந்த பதிவைத் தேடி மீண்டும் மலையகத்துக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. எப்போதோ தட்டச்சு செய்த ஒரு கடிதமோ, ஸ்கேன் செய்துவைத்த ஒரு பத்திரமோ ஒரு பழைய கணினியில் இருந்தால் அதுவே பெரிய உதவி.

பழைய கணினியை ஏன் வீசக்கூடாது?

பல சிறு நிலையங்களிலும் சங்க அலுவலகங்களிலும் இன்று இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று விண்டோஸ் எக்ஸ்.பி. அல்லது விண்டோஸ் 7 ஓடும் பழையது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்கள் அதில்தான் உள்ளன. பாமினி யூனிகோட் முறையைச் சேர்ந்தது அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். பழைய ஸ்கேனர், பிரிண்டர்களும் பல நேரங்களில் அந்தக் கணினியோடு மட்டுமே வேலை செய்யும். மற்றது, இணையத்தில் படிவம் நிரப்பவும் மின்னஞ்சல் அனுப்பவும் வாங்கிய புதியது.

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரியிலும் நிறுத்திவிட்டது. ஆகவே பழைய கணினியை இணையத்தில் இணைப்பது ஆபத்து. வீசிவிடுவது இழப்பு. இணையம் இல்லாமல் தனியாக வைத்துப் பயன்படுத்துவதே சரியான வழி. ஆனால் சிறிய கடையில் இரண்டு மொனிட்டர், இரண்டு கீபோர்ட், இரண்டு மவுஸ் வைக்க இடம் ஏது? இதற்குத்தான் கே.வி.எம். சுவிட்ச் உதவுகிறது.

அது என்ன?

கீபோர்ட், வீடியோ, மவுஸ் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே கே.வி.எம். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. ஒரு பக்கத்தில் மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் ஆகியவற்றையும், மறுபக்கத்தில் இரண்டு அல்லது நான்கு கணினிகளையும் பொருத்தலாம். பொத்தானை அழுத்தினால் ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாறலாம். இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும்; நீங்கள் பார்ப்பதும் தட்டுவதும் மட்டுமே மாறும்.

இந்தப் பெட்டி கணினிகளை வலையமைப்பில் இணைப்பதில்லை. ஒன்றில் உள்ள கோப்பு தானாக மற்றதற்குப் போகாது. நமக்கு வேண்டியதும் அதுவே.

தட்டச்சு செய்வோருக்கு ஒரு வசதி: எந்த விசையை அழுத்தினீர்கள் என்பதை மட்டுமே சுவிட்ச் அனுப்பும். அது எந்த எழுத்தாக வரும் என்பதைக் கணினிதான் தீர்மானிக்கும். எனவே ஒரே கீபோர்டில் பழையதில் பாமினியும் புதியதில் யூனிகோடும் அடிக்கலாம்.

வாங்குவதற்கு முன்

இரண்டு கணினிகளின் பின்பக்கத்தையும் மொனிட்டரின் பின்பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பழையதில் பெரும்பாலும் நீல நிற வி.ஜி.ஏ. துளை இருக்கும், புதியதில் எச்.டி.எம்.ஐ. இருக்கும். வி.ஜி.ஏ. அனலொக் முறை, எச்.டி.எம்.ஐ. டிஜிட்டல் முறை என்பதால் வயரை மாற்றினால் மட்டும் போதாது. எச்.டி.எம்.ஐ. சுவிட்ச் வாங்கினால், பழைய கணினிக்கு வி.ஜி.ஏ.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் கருவி ஒன்று வேண்டும். திசையைக் கவனியுங்கள்: எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.யாக மாற்றும் கருவி இந்த வேலைக்கு உதவாது.

இ.டி.ஐ.டி. எமியுலேஷன் உள்ள சுவிட்ச் கிடைத்தால் நல்லது. மொனிட்டரின் விபரத்தைக் கணினிக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பதே அதன் வேலை. அது இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை மாறும்போதும் திரையின் அளவு குழம்பலாம். வயர்கள் பெட்டியோடு வருகின்றனவா என்றும் கேளுங்கள்.

பொருத்தும் முறை

1. இரண்டு கணினிகளையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள்.
2. மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் மூன்றையும் சுவிட்சில் அவற்றுக்கு உரிய துளைகளில் பொருத்துங்கள்.
3. முதலாவது கணினியின் வீடியோ வயரையும் யூ.எஸ்.பி. வயரையும் 1 என்று குறித்த துளைகளில் பொருத்துங்கள். மற்றக் கணினியினுடையவற்றை 2 இல் பொருத்துங்கள். வயர்கள் மாறிப்போனால் ஒன்றின் திரையில் மற்றதைத் தட்டுவீர்கள். ஒவ்வொரு வயரிலும் இலக்கம் எழுதி ஒட்டுங்கள்.
4. சுவிட்சுக்குத் தனி மின் அடப்டர் இருந்தால் அதையும் பொருத்துங்கள். சிறிய பெட்டிகள் யூ.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.
5. முதலாவது கணினியை இயக்குங்கள். திரை வந்ததும் சுவிட்சை மாற்றி இரண்டாவதை இயக்குங்கள்.

பல சுவிட்சுகளில் ஸ்குரோல் லொக் விசையை இரண்டு தடவை அழுத்தியும் மாறலாம். அந்த விசை இல்லாத கீபோர்ட் என்றால் பெட்டியிலுள்ள பொத்தானே போதும்.

திரை வராவிட்டால் முதலில் வயர்களை இறுக்கிப் பாருங்கள். பின்னர் கணினியை நேரடியாக மொனிட்டரில் பொருத்திப் பாருங்கள். நேரடியாகப் பொருத்தும்போது திரை வந்தால், பிழை சுவிட்சிலோ, வயரிலோ, மாற்றும் கருவியிலோ இருக்கிறது.

மின்னலும் மின்வெட்டும்

மலையகத்தில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி மின்னல் வழக்கம். சுவிட்ச் பொருத்திய பின் இரண்டு கணினிகளும் செப்பு வயரால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டுவிடுகின்றன. ஒன்றில் பாயும் அதிக மின்சாரம் மற்றதையும் தாக்கலாம். எல்லாவற்றுக்கும் நில இணைப்புள்ள ஒரே இடத்திலிருந்து, முடிந்தால் ஒரே யூ.பி.எஸ்.இலிருந்து மின்சாரம் கொடுங்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே, இணைய வயர் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

காணாமலாக்கப்பட்டோரின் கோப்புகள் இருந்தால்

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கொடுத்த வாக்குமூலங்கள், பெயர்ப் பட்டியல்கள், புகைப்படங்களை வைத்திருக்கும் அமைப்புகள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அந்தக் கோப்புகளை இணையமே இல்லாத கணினியில் வையுங்கள். வைஃபையையும் நிறுத்திவிடுங்கள்.

சில சுவிட்சுகளில் பென் டிரைவ் பொருத்தவும் துளை இருக்கும். அதில் விட்ட பென் டிரைவ் சுவிட்சோடு சேர்ந்து மற்றக் கணினிக்கும் மாறும். வைரஸும் அதனோடு போகும். அந்தத் துளையை ஒட்டி மூடிவிடுவது நல்லது. வயர் உள்ள கீபோர்டையே பயன்படுத்துங்கள். இரண்டு கணினிகளின் திரைப் பின்னணிக்கும் வெவ்வேறு நிறம் வையுங்கள். ஒருவரின் பெயரையும் முகவரியையும் தவறான கணினியில் தட்டிவிடாமல் இருக்க அது உதவும்.

சாதாரண சுவிட்ச் உளவுக்கு எதிரான அரண் அல்ல. பாதுகாப்புத் தரச்சான்று பெற்ற சுவிட்சுகள் தனியாக விற்கப்படுகின்றன. விலை மிக அதிகம். வீட்டுக்கோ கடைக்கோ அவை தேவையில்லை. ஆனால் உயிராபத்து உள்ள தகவல் என்றால், அந்தக் கணினியை எந்தச் சுவிட்சிலும் பொருத்தாமல் தனியாகவே வையுங்கள்.

ஒரே மவுஸால் பல கணினிகளை இயக்கும் மென்பொருட்களும் உண்டு. மைக்ரோசொப்டின் 'மவுஸ் விதவுட் போர்டர்ஸ்' நான்கு கணினிகள் வரை இயக்கும். ஆனால் அதற்குக் கணினிகள் ஒரே வலையமைப்பில் இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மொனிட்டரும் வேண்டும். தனியாக வைக்கவேண்டிய கணினிக்கு அது பொருந்தாது.

கடைசியாக ஒன்று. சுவிட்ச் மேசையில் இடத்தை மிச்சம் பிடிக்கும். பழைய ஹார்ட் டிஸ்கின் ஆயுளை நீட்டாது. பழைய கணினி ஓடும்போதே கோப்புகளை இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். பாமினிக் கோப்புகளோடு அந்த எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். பென் டிரைவை முதலில் வைரஸ் சோதித்துவிட்டுப் பழைய கணினியில் போடுங்கள். அந்தக் கணினி ஒரு நாள் இயங்காமல் போனாலும், வன்னியிலிருந்து ஒருவர் தன் தாயின் பெயரைச் சொல்லிக் கேட்டு வரும்போது எடுத்துக்கொடுக்க ஏதாவது இருக்கும்.