ஆமை வண்டு: ஒரு பெயரில் இரண்டு உயிர்கள்

சர்க்கரைவள்ளிக் கொடியில் இலைகள் சல்லடையாகத் துளைபட்டிருந்தால், அது பெரும்பாலும் ஆமை வண்டின் வேலை. விரல் நகமளவு பூச்சி. வட்டமாக விரிந்த முதுகின் கீழ் தலையும் கால்களும் மறைந்துவிடும். இலையோடு ஒட்டிப் படுத்துவிட்டால் எறும்பால் அதைப் புரட்டுவது கடினம். அந்த முதுகைப் பார்த்துத்தான் இப்பெயர் வந்தது.

சங்க நூல்களில் ஆமையின் பெயர் ‘யாமை’. யாடு ஆடானது போல, யாறு ஆறானது போல, இதிலும் முதல் யகரம் உதிர்ந்தது. மலையாளமும் கன்னடமும் இதே சொல்லைச் சற்றே மாற்றி வழங்குகின்றன. மராத்தியின் ‘காசவ்’ வேறு வழி, ‘கச்யப’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மும்பையின் தாராவியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஒன்றும் வெளியில் மற்றொன்றுமாக இரண்டையும் கேட்கிறார்கள்.

‘வண்டு’ இடம் பெயர்ந்த சொல். பழம்பாடல்களில் தேன் தேடி மலரில் ஒலிக்கும் உயிர்களை அது குறித்தது. சுரும்பு, தும்பி, ஞிமிறு அதன் கூட்டாளிகள். இன்றோ அரிசி வண்டு, சாண வண்டு, பொன்வண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அறிவியல் பெயரிட்ட வண்டினங்கள் மட்டும் சுமார் 4 லட்சம்.

கடலாமைகள் உலகில் 7 இனங்களே. இந்தியக் கடல்களில் காணப்படும் இனங்களுக்குத் தமிழ் மீனவர்கள் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார்கள்: பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை.

வண்டு, ஆமை இரண்டின் முதுகும் ஒன்றா? வண்டின் ஓடு, கெட்டிப்பட்ட முன்சிறகு. அதைத் தூக்கிவிட்டு அடியிலுள்ள மென்சிறகால் பறந்துவிடும். ஆமையின் ஓடோ விலா எலும்பும் முதுகெலும்பும் இணைந்து அமைந்தது. அதை ஆமையால் கழற்ற முடியாது. திருக்குறள் 126-இல் ஐம்புலன் அடக்கத்துக்கு உவமையாக வருவது, உறுப்புகளை உள்ளிழுக்கும் ஆமை. கடலாமையால் தலையையோ துடுப்புக் கால்களையோ ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இயலாது. ஆகவே ‘ஆமை வண்டு’ என்ற பெயர் குளத்தாமைக்குத்தான் பொருந்தும், கடலாமைக்குப் பொருந்தாது.

அகநானூறு 160-ஆம் பாட்டில் சூலுற்ற யாமை, அடும்பு படர்ந்த மணலில் முட்டையிட்டுப் புதைக்கிறது; குஞ்சு பொரிக்கும்வரை ஆண் காக்கிறது. காவல் மட்டும் கவிதைக்கே உரியது. உண்மையில் தாய் முட்டையை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் ஆமை அந்தக் கூட்டுப் பக்கமே வராது. மற்றபடி மணலும் கொடியும் கண்ணால் கண்டு எழுதியவை. அந்த அடும்பு, சர்க்கரைவள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த கொடி.

2018 மார்ச் மாதம், பங்குனி பிறந்த சில நாட்களில், மும்பை வெர்சோவா கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் சுமார் 80 கடலில் இறங்கின. தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் குப்பை அள்ளிய கரை அது. மீனவர் வைத்த பெயரிலேயே பருவம் குறிக்கப்பட்டிருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் பெற்றோரே, பிள்ளைகளுக்கு ‘காசவ்’ தெரியட்டும். பங்குனி ஆமையையும் சொல்லிக் கொடுங்கள். எந்த மாதம் கரையைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதை அந்தப் பெயரே அவர்களுக்குச் சொல்லிவிடும்.