கரியும் கழிவுநீரும்

குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பதை நாம் பழங்காலந்தொட்டே அறிவோம். கரைந்து மறைந்த நஞ்சுக்கோ வேறு வழி தேவைப்பட்டது.

1785-இல் ருஷ்யாவில் லோவிட்ஸ் என்ற ரசாயன நிபுணர், கரித்தூள் கரைசலின் நிறத்தைக் கவர்வதைக் கண்டார். முதல் உலகப் போரில் விஷவாயுவைத் தடுக்கும் முகமூடிகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரி இடம்பெற்றது. கரியிலுள்ள எண்ணற்ற நுண்துளைகளின் பரப்பில் நஞ்சு ஒட்டிக்கொள்வதே இதன் காரணம்.

இப்பழைய உண்மை இன்று புதிய தொண்டுக்கு அழைக்கப்படுகிறது. ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில், மருந்தாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், சிப்ரோபிளாக்ஸசின் என்னும் கிருமி எதிர்ப்பு மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அம்மருந்தை உண்டவர் குருதியில் காணும் அளவினும் அது மிகுதி. அந்நீரில் பழகிப் பிழைக்கும் கிருமிகளிடம் அம்மருந்து பின்னர்ப் பலிக்காது.

சிரட்டைக் கரியும், இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானைக் கொண்டு செய்த பொருள்களும் இத்தகைய மருந்துகளை ஈர்க்க வல்லவை என ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. காரநீரால் கழுவி அவற்றை மீண்டும் பயன்படுத்தலாம். ஆற்றல் முறைதோறும் சிறிது குறையும். கழுவிய நீரில் திரளும் மருந்தையும் அழித்தால்தான் வேலை முடியும். பிழைக்க வந்த ஊரின் நீரே நமக்கும் குடிநீர் அன்றோ?