சென்னையின் நிலப் பயன்பாட்டு மண்டலங்களும் தலித் மக்களின் குடியிருப்பு உரிமையும்

சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான இரண்டாம் முதன்மைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026-உடன் முடிகிறது. அதற்கடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் முதன்மைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்து வருகிறது. மெட்ரோ ரயிலும் அடுக்குமாடிக் கட்டடங்களும் பேசப்படும் அளவுக்கு இத்திட்டம் தலித் இயக்கங்களில் பேசப்படுவதில்லை. ஆனால் நகரில் யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை வேறெந்த அரசு ஆவணத்தையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான். சாதி என்ற சொல்லைக் கட்டட விதிகளில் தேடினால் கிடைக்காது. சாதியைக் குறிப்பிடாமலேயே ஒரு வரைபடம் சேரியை எப்படி ஊருக்கு வெளியே தள்ளுகிறது என்பதையும், சட்டப்படி அதை எங்கே மறித்து நிற்கலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மண்டலம் என்பது என்ன?

தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 முதன்மைத் திட்டத்துக்கு அடிப்படை. அத்திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணையும் ஒரு பயன்பாட்டு மண்டலத்தில் சேர்க்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை முதலியன. மண்டலத்தைப் பொறுத்தே கட்டட அனுமதி கிடைக்கும். எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு அது 2. உயரடுக்குக் கட்டடத்துக்கு 3.25. கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஒரு வேளாண் நிலம் குடியிருப்பு மண்டலமாக மாறும் நாளில், மண்ணில் ஒரு செங்கல்கூட வைக்காமலேயே அதன் உரிமையாளர் பணக்காரராகிவிடுகிறார். அந்த மாற்றத்தைச் சட்டத்தின் 32(4) பிரிவின்கீழ் சி.எம்.டி.ஏ. செய்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில் நிலவகை மாற்றம் பற்றிச் சிறிய எழுத்தில் வரும் அறிவிப்புகள் இதற்காகத்தான். நம்மில் எத்தனை பேர் அவற்றைப் படிக்கிறோம்?

மண்டலப் பட்டியலில் ஏழைகளின் குடியிருப்புக்கென ஒரு மண்டலம் இல்லை. ஆற்றங்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு குப்பம், பின்னால் பூசப்பட்ட நிறத்தினால் 'பயன்பாட்டுக்கு முரணானது' ஆகிவிடலாம். அங்கே வாழும் மக்களுக்கு அது தெரிய வருவது இடிப்பு அறிவிப்பு கையில் கிடைக்கும்போதுதான்.

மாமன்றத்தின் கைக்கு எட்டாத அதிகாரம்

2022-இல் சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவருமின்றி அதிகாரிகளால் நடத்தப்பட்ட மாநகராட்சிக்கு அன்றுதான் 200 வார்டு உறுப்பினர்களைக் கொண்ட மன்றம் கிடைத்தது. வரலாற்றில் குறிக்கத்தக்க நாள் அது. ஆனால் அந்த மன்றம் ஒரு சர்வே எண்ணின் மண்டலத்தைக்கூட மாற்ற முடியாது. முதன்மைத் திட்டம் வகுப்பதும் நிலவகை மாற்றுவதும் சி.எம்.டி.ஏ.வின் அதிகாரம்; அதன் முடிவுகளுக்கு ஒப்புதல் தருவது மாநில அரசு.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் வேறொன்றை எதிர்பார்த்தது. அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் முதல் பொருள் நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்தல். பத்தாவது குடிசைப் பகுதி மேம்பாடு. இவை நகராட்சிகளுக்கு வழங்கப்பட வேண்டியவை. பெருநகரத் திட்டக்குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 243இசட்.இ. பிரிவு கூறுகிறது. 243டி பிரிவு நகர மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்குகிறது. அதாவது நம் பிரதிநிதிகளுக்கு உறுதி செய்யப்பட்ட இடம் மன்றத்தில் இருக்கிறது. நிலத்தின் தலைவிதியை எழுதும் மேசை வேறு கட்டடத்தில் இருக்கிறது. இடஒதுக்கீடு பற்றிய நம் விவாதங்களில் இந்த இடைவெளி போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

அறிவிக்கப்படாத குடிசைப் பகுதிகள்

1970-இல் குடிசை மாற்று வாரியமும் 1971-இல் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டமும் வந்தபோது தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு எந்தப் பகுதியைக் குடிசைப் பகுதியாக அறிவிக்கலாம் என்பதைச் சொல்கிறது. தாழ்வான இடம், சுகாதாரக் கேடு, நெருக்கடி, வாழத் தகுதியற்ற கட்டடம் ஆகியவைதான் அளவுகோல்கள். பட்டா இருக்கிறதா என்று அப்பிரிவு கேட்கவில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் வாடகைக்குக் குடியிருப்போரை உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பும் சட்டத்தில் உண்டு.

சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் பட்டியல் வளரவில்லை, நகரம் வளர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சென்னையில் 13 லட்சத்துக்கும் அதிகமானோர், ஏறத்தாழ 29 விழுக்காட்டினர், குடிசைப் பகுதிகளில் வாழ்வதாகக் காட்டியது. பட்டியலில் இல்லாத பகுதிக்கு மேம்பாடு கிடையாது. முதன்மைத் திட்டத்திலும் இடம் கிடையாது. வாரியத்தின் பெயர் 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. பெயர் நன்று. பட்டியல் திறக்கப்பட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இதில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. 1971-இல் 'தாழ்வான பகுதி' என்பது அரசு வந்து மேம்படுத்த வேண்டியதற்கான காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதே தாழ்வான பகுதி மக்களை வெளியேற்றுவதற்கான காரணமாயிற்று.

எது ஆட்சேபகரம்?

வருவாய்த்துறை புறம்போக்கை 'ஆட்சேபகரமானது', 'ஆட்சேபணையற்றது' என்று பிரிக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கு முதல் வகை. அங்கே பட்டா கிடையாது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் வெளியேற்றத்துக்கான கருவிகள். நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி அளவுகோல் பற்றியது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதன் பெரும்பகுதியைக் குப்பைக் கிடங்கும் சாலைகளும் நிறுவனங்களும் விழுங்கிவிட்டிருந்தன. கால்வாய்க் கரையிலிருந்து அகற்றப்பட்ட மக்களுக்குத் தரப்பட்ட பெரும்பாக்கம் குடியிருப்பும் அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டியே எழுந்தது. நீர்வழியில் இருந்ததால் ஆபத்து என்று சொல்லி, நீர் தேங்கும் நிலத்துக்கு அனுப்பினார்கள்.

கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால், ஒரே வகை மக்களை ஒரே இடத்தில் குவித்து இத்தனை வீடுகள். வீட்டு வேலையும் சுமைப் பணியும் தூய்மைப் பணியும் நகருக்குள் இருக்க, தொழிலாளி மட்டும் வெளியே. பெண்கள் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் ஆண்டின் நடுவில் பள்ளி மாறினார்கள். முகவரியைச் சொன்னாலே வேலை தர மறுக்கிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களிடம் பேசும் எவரும் கேட்கக்கூடியது. ஊர் வேறு சேரி வேறு என்ற பழைய அமைப்பை மாநகர அளவில் எட்டு மாடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறோம்.

நகருக்குள் இடமில்லையா?

இடமில்லை என்பது அரசின் நிலையான பதில். 1977-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனைகளைப் பிரித்துச் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு வழங்கியது. மிகச் சிறிய மனை ஏறத்தாழ 40 சதுர மீட்டர். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வருவாயில் சிறிய மனைகளின் விலையைத் தாழ்த்தினார்கள். ஒரே தெருவமைப்புக்குள் வெவ்வேறு வருவாய்ப் பிரிவினர் இருக்கும்படி மனைகள் வெவ்வேறு அளவில் வகுக்கப்பட்டன. அப்பகுதிகள் இன்று நகரின் இயல்பான குடியிருப்புகள்; அவற்றின் பெயரைச் சொல்ல எவரும் தயங்குவதில்லை. அந்த வழியை அரசு கைவிட்டது பொறியியல் தோல்வியால் அன்று.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பின் அம்மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த இடம் அதற்கு முந்தைய வாரத்திலும் அங்கேயேதான் இருந்தது.

இரண்டாம் முதன்மைத் திட்டத்தின் விதிகளில் ஓர் அரிய கூறு உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் குடியிருப்புத் திட்டங்களில் மனைப் பரப்பில் 10 விழுக்காட்டைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்கி, 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளைக் கட்ட வேண்டும். அதே மனையில் இல்லாவிட்டால் குறிப்பிட்ட தொலைவுக்குள். வீட்டின் பரப்பை வரையறுத்த அவ்விதி விலையை வரையறுக்கவில்லை. தென்சென்னையில் 45 சதுர மீட்டர் வீட்டின் சந்தை விலையை அறிந்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. மூன்றாம் திட்டத்தில் இந்தப் பத்து விழுக்காட்டுக்கு விலை வரம்பும், பயனாளிப் பட்டியலும், அதில் பட்டியல் சாதியினருக்கான பங்கும் எழுதப்பட வேண்டும். கூடவே, இருக்கும் குப்பங்களைப் பாதுகாக்கப்பட்ட மண்டலமாகக் குறிக்கவேண்டும். இது புதுமையான கோரிக்கை அன்று: பிரேசிலின் ரெசிஃபே நகரம் 1983-இலேயே ஏழைகளின் குடியிருப்புகளைச் சமூக நலனுக்கான சிறப்பு மண்டலங்களாகத் தன் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் குறித்தது, 2001-இல் அந்நாட்டின் தேசிய நகரச் சட்டம் அக்கருவியை ஏற்றது.

விரியும் எல்லையும் பஞ்சமி நிலமும்

2022-இல் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கி அரசு ஆணையிட்டது. விரிவடைவது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மண்ணுக்குள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கிய ஆணையும் பிறந்த நிலப்பகுதி இது. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததும் இங்கேதான். பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது ஒப்படையின் நிபந்தனை.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த நிபந்தனை தெரியாது. வேளாண் மண்டலம் என்ற பச்சை நிறமே தெரியும். நிலவகை மாறி, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கிடைத்து, நூறு பேர் மனை வாங்கிய பிறகு நிபந்தனை மீறலைச் சொல்லி நீதிமன்றம் செல்வது எவ்வளவு கடினம் என்பதை இவ்வழக்குகளை நடத்துவோர் அறிவர். 'அப்பாவிக் கொள்முதலாளர்கள்' என்ற வாதம் முதல் நாளே எழும். ஆகவே தடுக்க வேண்டிய இடம் 32(4) அறிவிப்பு.

ஆட்சேபணை எழுதும்போது

வரைவு முதன்மைத் திட்டம் வெளியான பின் மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாத காலம் தரப்பட வேண்டும். அது வரும்வரை காத்திருப்பது தாமதம். கல்லூரி மாணவர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: தங்கள் பகுதியின் ஒவ்வொரு குப்பத்துக்கும் சேரிக்கும் சர்வே எண், இரண்டாம் திட்டத்தில் அதன் மண்டலம், 1971 அல்லது 1985 பட்டியலில் அது உண்டா என்ற மூன்றையும் தொகுப்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வார்டு வாரியாகப் பட்டியல் சாதியினர் எண்ணிக்கையைத் தருகிறது. வெளியேற்றப்பட்ட வார்டுகளையும் குடியமர்த்தப்பட்ட பகுதிகளையும் ஒப்பிட அது போதுமான தொடக்கம். புறநகரில் வட்டாட்சியர் அலுவலகத்தின் அ-பதிவேட்டில் நிபந்தனை நிலங்கள் குறிக்கப்பட்டிருக்கும். மறுத்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்ய வேண்டும்.

ஆட்சேபணை மனு தமிழிலேயே இருக்கலாம். சர்வே எண்ணோடு, குடும்பங்களின் எண்ணிக்கையோடு, எந்த மண்டலமாக மாற்றக் கோருகிறோம் என்பதோடு இருக்க வேண்டும். பொதுவான கண்டன மனு கோப்பில் உறங்கிவிடும். சட்ட ஆதாரமாக மூன்றைக் காட்டலாம். வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்ற ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு (1985). உறைவிடம் அடிப்படை உரிமை என்ற சமேலி சிங் தீர்ப்பு (1996). கணக்கெடுப்பும் மக்களுடனான கலந்தாய்வும் இன்றிக் குடிசைகளை அகற்றக் கூடாது என்ற அஜய் மாக்கன் வழக்கின் தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு (2019). இவற்றுள் சமேலி சிங் வழக்கு நம் வாதத்துக்கு மிக நெருக்கமானது. உத்தரப்பிரதேசத்தில் பட்டியல் சாதியினருக்கு வீடு கட்ட அரசு நிலம் எடுத்ததை நிலவுடைமையாளர்கள் எதிர்த்த வழக்கு அது. உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தலித் குடியிருப்புக்காக நிலத்தைக் கையகப்படுத்தலாம் என்றால், அதற்காக ஒரு மண்டலத்தைக் குறிக்க முடியாது என்று சி.எம்.டி.ஏ. கூற இயலாது. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். உயர்நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.